சகோதரி நகரத்துக்குப் போட்ட மாலை

எங்கள் ஊருக்கும் ஜெர்மனியில் ஒரு சிறு நகரத்துக்கும் உறவு ஏற்படப்போகிறது, இனி இரண்டும் சகோதரி நகரங்கள் என்று மாதர் சங்கத்தில் அறிவித்தபோது பெண்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"யாருங்க அக்கா, யாரு தங்கச்சி?"

"நாமதான் அக்கா. நம்ம கோயில் எத்தினி பழசு!"

"அப்ப சீர் யார் செய்யறது? ரெண்டுமே பொம்பளையாச்சே, அண்ணன் தம்பிக்கு எங்க போறது?"

நானும் சிரித்தேன். சங்கத் தலைவி சிரிக்கவில்லை. ரைஸ் மில் முதலாளியின் மனைவி அவர். அந்த நகரத்தின் மேயரும் அவர் மனைவியும் வரப்போகிறார்கள், வரவேற்பு நம் பொறுப்பு என்றார். நான் பி.ஏ. ஆங்கிலம் படித்தவள் என்பதால் மொழிபெயர்க்கும் வேலை எனக்கு வந்தது. மாலை போட ஒரு குழந்தை வேண்டும் என்றதும், என் மடியில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்து, "ஒரு பாட்டுப் பாடு கண்ணு" என்றார். அவள் கணீரென்று பாடினாள். "இவளே போதும்" என்று முடிவாகிவிட்டது.

அவள் நடந்து தலைவி பார்த்ததில்லை. நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டுமோ? ஆனால் என்னவென்று சொல்வது? என் பெண்ணுக்கு இளம்பிள்ளை வாதம், இடது கால் சூம்பியிருக்கும் என்று சபையில் எழுந்து சொல்வதா? காய்ச்சலோடு ஊசி போட்டதாலா, டாக்டரிடம் ஒரு நாள் தாமதித்துப் போனதாலா என்று எனக்குள்ளேயே இன்னும் தீராத விஷயம் அது. காலைத் தாங்க வேலூரில் செய்து வாங்கிய இரும்புக் கம்பிகள் பூட்ஸோடு சேர்ந்தே இருக்கும். பூட்ஸ் இல்லாமல் அவளால் நிற்க முடியாது.

ஒத்திகை அன்று அவள் டக் டக்கென்று மேடைப் படியருகே போனதும் தலைவியின் முகம் மாறியது.

"மேடையில குத்துவிளக்கு ஏத்தறோம், சாமி படம் இருக்கு. செருப்போட ஏறக்கூடாதுங்க."

"அதக் கழட்டினா அவளால நிக்க முடியாதுங்கம்மா."

"அதான் சொல்றேன், கீழ உக்காரட்டும். என் தம்பி பொண்ணு மாலை போட்டுடுவா. போட்டோவுல நம்ம ஊரு நல்லா வரணுமில்ல?"

"சரிங்கம்மா" என்றேன். அந்தச் 'சரிங்கம்மா'வை நினைத்தால் இன்றும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. "விடு, வழக்கத்தைத்தானே சொல்றாங்க" என்றார் என் கணவர். வழக்கம் எனக்கும் தெரியும். கடைசியில் போட்டோவைப் பற்றிச் சொன்னாரே, அதுதான் உறுத்தியது. மகளோ வீட்டில், சொல்ல வேண்டிய ஆங்கில வரியை விடாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளைக்காரர்கள் எங்களுக்குப் புதிதல்ல. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் வேட்டி கட்டி வெறுங்காலில் நடப்பவர்களைத் தினமும் பார்க்கிறோம். ஆனால் மெட்ராஸிலிருந்து காரில் வந்து இறங்கிய இந்த இருவரும் வேறு மாதிரி. அந்த வெயிலிலும் மேயர் கோட்டும் பளபளக்கும் ஷூவும் போட்டிருந்தார். தலைவி என் காதருகே வந்தார்.

"ஷூவக் கழட்டச் சொல்லிடாதீங்க. பாவம், அவங்களுக்குப் பழக்கமிருக்காது. அப்படியே ஏறட்டும்."

முதல் வரிசையில் என் மகள் தன் பூட்ஸைப் பாவாடைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறைக்க நான் சொல்லித்தரவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த பயமெல்லாம் எங்கோ போய்விட்டது.

படியோரம் குவிந்திருந்த செருப்புகளைப் பார்த்துவிட்டு மேயரின் மனைவி என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார், நாங்களும் கழற்ற வேண்டுமா என்று. "வேணாம்னு சொல்லுங்க" என்றார் பின்னால் நின்ற தலைவி.

"ஆமாம், விளக்கேற்றிய மேடையில் செருப்போடு ஏறக்கூடாது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "அதனால்தான் அதோ, என் மகள் உங்களுக்கு மாலை போடவில்லை. அவளால் பூட்ஸைக் கழற்ற முடியாது." ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

"இன்னா சொன்னீங்க?"

"நம்ம வழக்கத்தச் சொன்னேங்கம்மா."

தலைவி அதை நம்பி மேடையேறி, மைக் முன்னால் நின்றார். மேயர் குனிந்து மூச்சு வாங்க ஷூ கயிற்றை அவிழ்த்தார். காலுறைக் கிழிசலில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஆனால் மேயரும் மனைவியும் படியேறவில்லை. திரும்பி நேராக முதல் வரிசைக்குப் போனார்கள். அந்த அம்மா என் மகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"மேல வரச் சொல்லுங்க!" தலைவியின் குரல் மைக்கில் கூடம் முழுக்கக் கேட்டது. "பாப்பாவும் வரட்டும், கொழந்தைதானே, பரவால்ல!"

"வெளக்கு இருக்குங்கம்மா" என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி. "செருப்போட ஏறக்கூடாதுங்களே."

"ஆமா, வழக்கம் எல்லாருக்கும் ஒண்ணுதானே!" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. சீர் யார் செய்வது என்று கேட்டவளின் குரல்.

போட்டோக்காரரும் கீழே வந்துவிட்டார். தலைவி தம்பி மகளின் கையிலிருந்து மாலையை வாங்கிக்கொண்டு இறங்கினார். கேமரா பார்த்துக்கொண்டிருந்ததால் சிரித்தபடியே என் மகளிடம் நீட்டினார். அவளுக்கு ஆங்கில வரி மறந்துபோனது. "வாங்க" என்று மட்டும் சொல்லி, எதிரே உட்கார்ந்திருந்த அந்த அம்மாவுக்கு மாலையைப் போட்டாள். பிறகு மேடையைப் பார்த்து, "நான் மேல ஏறலியா?" என்றாள்.

"அடுத்த தடவ ஏறலாம் கண்ணு" என்றார் தலைவி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"வேணாங்கம்மா. அடுத்த தடவயும் நீங்களே எறங்கி வந்துடுங்க" என்றேன்.

சங்கத்திலிருந்து அதன்பின் எனக்கு அழைப்பு வரவில்லை. மகளின் ஆசைப்படி அவளை மேடையேற விட்டிருக்கலாமோ என்று சில நாள் குழம்புகிறேன். ஏற்றியிருந்தால் தலைவி பெருந்தன்மைக்காரியாக ஆகியிருப்பார். அதை என்னால் பொறுத்திருக்க முடியாது. கடைத்தெருவில் எதிரே வரும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறு இரண்டு கவளம் ஜாஸ்தியாகவே இறங்குகிறது.