சகலை செய்த விறகு மெஷின்

கல்லாவியில் மாமியார் வீட்டில் எது ரிப்பேர் ஆனாலும் ஆஞ்சப்பன் வரும்வரை யாரும் அதைத் தொட மாட்டார்கள். மிக்சி நின்றால் துணி போட்டு மூடி வைப்பார்கள். மோட்டார் மக்கர் பண்ணினால் பக்கத்து வீட்டில் குடம் வைத்துப் பிடிப்பார்கள். ஓசூரில் ஒரு கம்பெனியின், இரும்புத் தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் மெயின்டெனன்ஸ் பார்க்கிற பெரிய மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வருவார், சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு ஸ்பேனரை எடுப்பார். மாமியார் கெம்பம்மா பக்கத்திலேயே நின்று, "எங்க பெரிய மாப்ள கை பட்டா செத்த மோட்டாரும் எந்திரிச்சி ஓடும்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வாள். ஆஞ்சப்பன் காதில் விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வான். விழாமல் என்ன? அந்த ஒரு பேச்சைக் கேட்கத்தானே ஊத்தங்கரையில் பஸ் மாறி, கம்பியில் தொங்கிக்கொண்டு வருகிறான்.

சின்ன மாப்பிள்ளை மாதேஷ் தளிப் பக்கத்துக்காரன். பேச்சில் பாதி கன்னடம் கலந்திருக்கும். ஜேசிபி ஓட்டுகிறவன். இளையவள் வினோதாவைக் கட்டிக்கொண்டு மாமியாரோடேயே இருந்து, ரோட்டோரம் ஒரு விறகுக் கடையும் போட்டிருந்தான். காய்ப்பு நின்ற மாந்தோப்புகளில் கட்டை வாங்கி, பிளந்து, டீக்கடைக்கும் கல்யாணச் சமையலுக்கும் கொடுப்பது தொழில். மாங்கட்டையாவது பரவாயில்லை. புளியங்கட்டை விழுந்த கோடாலியை அப்படியே திருப்பி அனுப்பும். பிளக்க வந்த ஆட்கள் ஒருநாள் வந்தால் மறுநாள் உடம்பு சரியில்லை என்பார்கள்.

"விறகு பிளக்க ஒரு ஹைட்ராலிக் மெஷின் நான் செஞ்சி தரேன் அத்தை" என்று ஒரு தீபாவளியன்று வாய் விட்டவன் ஆஞ்சப்பன்தான். படம் போட்டான். பழைய பம்ப் ஒன்று வாங்கி, ஓசூர் வீட்டில் கட்டிலுக்கு அடியில் வைத்தான். பிறகு ஓவர்டைம் வந்தது, ஷிப்ட் மாறியது, அடுத்த தீபாவளியும் வந்து போனது. பெருக்கும்போதெல்லாம் விளக்குமாறு பம்பில் இடிக்க, "இது எதுக்குங்க இங்க கிடக்குது?" என்று மனைவி மஞ்சுளா கேட்பாள். "அதுக்கு ஒரு பிளான் இருக்குது" என்பான்.

அந்தப் பிளானை மாதேஷ் முடித்துவிட்டான்.

வினோதா வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பியிருந்தாள். மஞ்சள் நிறத்தில் ஒரு இரும்பு உத்திரம், அதன் ஒரு முனையில் ஆப்பு, மறுமுனையில் கழித்துப் போட்ட ஜேசிபியின் சிலிண்டர், அதை ஓட்டப் பக்கத்தில் ஒரு பழைய டீசல் இன்ஜின். புளியங்கட்டையைச் சிலிண்டர் தள்ளிக்கொண்டு போய் ஆப்பில் அழுத்த, கட்டை வாயைப் பிளந்துகொண்டு இரண்டாக விழுந்தது. "அக்கா, எல்லாம் அவரே செஞ்சாரு!" என்று வினோதாவின் குரல். ஆஞ்சப்பன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். பிறகு போனை மனைவியிடம் கொடுத்து, "வெல்டிங் சரியில்ல" என்றான். பொறாமை என்றால் சாதாரணப் பொறாமை இல்லை. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை அவனுக்கு.

மெஷினுக்குப் பூஜை என்று கூப்பிட்டார்கள். போகாமல் இருந்தால் பேச்சு வரும், போனால் வயிறு எரியும். போனான். முன்வரிசையில் நாற்காலி போட்டு, கையில் காபியும் கொடுத்தார்கள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஸ்பேனரை யாரும் கொடுக்கவில்லை. "எங்க சின்ன மாப்ள மூளையப் பாருங்க! போன்ல பாத்தே செஞ்சிட்டாரு!" என்று கெம்பம்மா சொன்னாள். அதே குரல், அதே தெரு.

ஆஞ்சப்பன் எழுந்து மெஷினைச் சுற்றி வந்தான். வெல்டிங் கொஞ்சம் மேடாக இருக்கிறது என்றான். ஆயில் ஓஸ் மட்டம் என்றான். பெயின்ட்கூட ஒரே கோட்டா என்று கேட்டான். எல்லாவற்றுக்கும் மாதேஷ் சிரித்துக்கொண்டே, "ஆயித்துண்ணா, மாத்திடலாம்" என்றான். அந்தச் சிரிப்புதான் அவனை இன்னும் எரித்தது. சண்டைக்கு வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

உண்மையான குறை ஒன்று இருந்தது. அவன் வந்ததுமே அது கண்ணில் பட்டுவிட்டது. மெஷினுக்கு ஒரே லிவர். ஒரு கையால் அதை இழுத்தால் போதும். அப்போது இன்னொரு கை என்ன செய்யும்? உருளுகிற கட்டையைப் பிடிக்கப் போகும். அவன் பார்க்கிற பிரஸ்களில் இரண்டு பொத்தான்கள், தள்ளித் தள்ளி இருக்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். ஷிப்ட் தொடங்குமுன் அதைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவதே அவன் வேலை.

அதைத்தான் அவன் சொல்லவில்லை. வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். எங்காவது ஒன்று மக்கர் பண்ணட்டும், ஊர் பார்க்க நிற்கட்டும், துணி போட்டு மூடிவிட்டு எனக்குப் போன் பண்ணட்டும் என்று இருந்தது. யாருடைய கை என்பது வரைக்கும் அவன் யோசிக்கவில்லை. யோசிக்காமல் பார்த்துக்கொண்டான்.

திருஷ்டிப் பூசணிக்காயை ரோட்டில் உடைப்பதுதான் வழக்கம். கெம்பம்மாவுக்கு அன்றைக்கு ஒரு யோசனை. "மெஷினே ஒடைக்கட்டும். அதுதான் மொத வேலை." பூசணிக்காயில் ஓட்டை போட்டு, குங்குமத்தைக் கரைத்து ஊற்றி, சில்லறை போட்டு, மூடி உத்திரத்தின்மேல் வைத்தார்கள். உருண்டைக்காய் தட்டை இரும்பில் நிற்குமா? உருண்டது. வினோதா கையால் பிடித்துக்கொண்டாள். மாதேஷ் ஒரு கையில் போனைத் தூக்கி வீடியோ எடுத்தபடியே மறு கையால் லிவரை இழுத்தான்.

பூசணிக்காய் வெடித்தது. "அய்யோ!" என்று வினோதா அலறினாள். முழங்கை வரைக்கும் சிவப்பு.

நாற்காலி ஒரு பக்கம், காபி ஒரு பக்கம். ஆஞ்சப்பன் பாய்ந்து போய் இன்ஜினை நிறுத்தி, அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, வேட்டியாலேயே சிவப்பைத் துடைத்து, விரல் விரலாகத் தடவிப் பார்த்தான். எல்லாம் இருந்தன. வெறும் குங்குமம். புதுப் புடவையில் பட்டதற்காக அலறியிருக்கிறாள்.

ஊரே சிரித்தது. "மாமா பயந்துட்டாரு!" என்று வினோதாவும் சிரித்தாள். மெஷின் மக்கர் பண்ணி நிற்கட்டும் என்று நினைத்தது ஆஞ்சப்பன்தான்.

"ரெண்டு கையாலயும் அமுக்கற மாதிரி லிவர் வெக்கணும். அதுவரைக்கும் இத ஓட்டாத மாதேஷ்."

"அண்ணா, மொதல்ல வெல்டிங்குன்னீங்க. அப்பறம் ஓஸுன்னீங்க, பெயின்ட்டுன்னீங்க. இப்ப லிவருங்களா?"

கூட்டம் மறுபடி சிரித்தது. "ஒரு பூசணிக்கா பத்தல போல இருக்குதே" என்று கெம்பம்மா வேறு பக்கம் பார்த்துச் சொன்னாள். கிழவி சொன்னதில் தப்பில்லை. யார் கண்ணுக்குப் பயந்து பூசணிக்காய் உடைத்தார்களோ, அந்தக் கண் முன்வரிசையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தது. நொட்டைச் சொல் சொன்ன வாயாலேயே நிஜத்தையும் சொன்னால் யார் நம்புவார்கள்?

சாப்பிடாமல் கிளம்பினான். கிளம்பும்போது, இன்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் பண்ணுகிற கைப்பிடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

அந்த வாரம் முழுக்க மாமியார் வீட்டிலிருந்து போனில் திட்டு. "தங்கச்சி வாழறது பொறுக்காம ஹேண்டிலத் திருடிட்டு வந்துட்டீங்கன்னு ஊரெல்லாம் பேசுது. எனக்குத் தலை காட்ட முடியல" என்று மஞ்சுளா அழுதாள். ஆஞ்சப்பன் ஷிப்ட் முடிந்ததும் தெரிந்தவர் லேத்துப் பட்டறைக்குப் போய் உட்கார்ந்து, இரண்டு லிவர்கள் செய்தான். அடுத்த ஞாயிறு கைப்பிடியோடு அவற்றையும் கொண்டுபோய், யாரும் காபிகூடக் கொடுக்காத வீட்டில், அவனே மாட்டினான். ஒரு கையை எடுத்தாலும் சிலிண்டர் நின்றுவிடும். கட்டை உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் தடுப்புக் கம்பி வைத்தான். முன்னைவிட வேலை மெதுவாகத்தான் நடந்தது. "பெரிய மாப்ள கை பட்டதுலேர்ந்து மெஷின் சோம்பேறி ஆயிடுச்சி" என்று கெம்பம்மா தெருவுக்கே சொன்னாள்.

சில மாதம் கழித்து, சிங்காரப்பேட்டையிலிருந்து ஒரு மரக்கடைக்காரர் தனக்கும் அதேபோல் ஒன்று வேண்டும் என்று வந்தார். ஆஞ்சப்பன் உள்ளே களி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பேச்சு வாசலிலிருந்து தெளிவாகக் கேட்டது.

"எனக்கு ஒத்த லிவர் போதும். சீக்கிரம் வேலை ஆவணும்."

"அது மட்டும் ஆவாதுங்க. ரெண்டு இல்லாம நான் செய்யறதில்ல. கை போயிடும்" என்றான் மாதேஷ்.

"நல்ல யோசனைதான். யாருது?"

ஆஞ்சப்பன் களியை விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டான்.

"நம்முளுதுதாங்க" என்றான் மாதேஷ்.

எழுந்து வாசலுக்குப் போயிருப்பான். வாயில் களி இருந்தது. எதிரில் வினோதா இருந்தாள். அவளுக்கும் கேட்டிருந்தது. அவன் முகத்தைப் பார்க்காமல், சூட்டில் ஊதி ஊதி, இரண்டு கையாலும் களியை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு உருண்டை போடட்டுங்களா மாமா?"

அவள் பத்து விரலையும் ஒருமுறை பார்த்தான். வயிறு அப்படியேதான் எரிந்தது.

"போடு" என்றான்.