பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கிறவர்கள்

போன கிழமை எங்கள் வீட்டில் ஒருவன் செத்துப்போனான். பதறாதீர்கள்... ரீவிக்குள்ளேதான்.

பதற வேண்டிய விஷயம்தான் என்பது எனக்கே பிறகுதான் விளங்கியது.

கேம் விளையாடுவதைப் பற்றி எழுத நான் ஆளா? ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கக் கூச்சம் – அதனால்தான் உங்களோடு பேப்பரில் கதைக்கிறேன். ஆனால் பார்த்ததைச் சொல்லப் படிப்பு எதற்கு?

என் தம்பி சூசையின் மகன் அன்ரன், சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு வவுனியாவில் இருந்து ஒரு பழைய கேம் மெஷினைக் கொண்டுவந்தான். யப்பான் சாமான். வழியில் சோதனைச் சாவடியில் கழற்றிக் காட்டச் சொன்னார்களாம். காட்டிவிட்டுத் திரும்பப் பூட்டிக்கொண்டு வந்தான். முல்லைத்தீவுக் கடற்கரையில் எங்கள் வீட்டுக்குப் பின்னேரத்தில் மட்டும்தான் ஜெனரேற்றர் கரண்ட் வரும். அந்த நேரம் முழுக்க அவனும் பெண்சாதி ஜசிந்தாவும் அதற்கு முன்னால்தான்.

கேமில் நாலு பேர் ஊர் ஊராக நடக்கிறார்கள். காடு, குகை, பூதம். கடைசியில் ஒரு அரக்கனைக் கொல்ல வேண்டும். நாலு பேருக்கும் நாங்களே பெயர் வைக்கலாம். அன்ரன் தன் பெயரை வைத்தான், ஜசிந்தாவின் பெயரை வைத்தான், தகப்பன் பெயரை வைத்தான். நாலாவது ஆள் நான். காயம் ஆற்றுகிற மந்திரக்காரியாம். ஊசியைக் கண்டாலே மயங்குகிறவள் நான்.

பாதி வழியில் கேமை நிறுத்திவிட்டு ஒருநாள் அன்ரன் கடலுக்குப் போனான். காற்று மாறிய நாள். வரவில்லை. தேடிப் போனவர்களுக்கு வள்ளத்தின் பலகை ஒன்றுதான் கிடைத்தது.

எங்கள் கரையில் ஒரு வழக்கம். ஊரில் சவம் கிடந்தால், அடக்கம் முடியும்வரை எவரும் கடல் தொழிலுக்கு இறங்கமாட்டார்கள். சவமே வராவிட்டால்? ஊர் கொஞ்ச நாள் பார்த்தது... பிறகு இறங்கிவிட்டது. வயிறு இருக்கிறதே. தம்பி இறங்கவில்லை. "என்ர பிள்ளையை இன்னும் அடக்கம் செய்யேல்லை" என்றார். தன் வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துவிட்டு, மற்றவர்களின் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு வீட்டில் குந்திவிட்டார்.

எங்கள் வேதக்கோயில் சாமியார் ஒரு வழி சொன்னார். வெறும் பெட்டியை வைத்துப் பூசை செய்வோம், சேமக்காலையில் மற்றவர்களைப் புதைத்த இடத்தில் அவனுக்கும் ஒரு சிலுவை நடுவோம் என்றார். ஜசிந்தா சம்மதிக்கவில்லை.

"அவர் வந்து நிண்டால் நான் எந்த முகத்தோட பாக்கிறது?"



அன்ரன் விட்ட இடத்தில் இருந்து அவள் விளையாடத் தொடங்கினாள். அன்ரனை எப்போதும் ஆகப் பின்னுக்குத்தான் நிறுத்துவாள். அடி முழுக்க எனக்கும் தம்பிக்கும்.

"பாருங்கோ அக்கா, எங்கள் ரெண்டு பேரையும் பூதத்துக்குக் குடுத்தாலும் குடுப்பாள், புருஷனைக் குடாள்" என்பார் தம்பி.

"நீங்கள் அடி வாங்கிப் பழகின ஆள்தானே மாமா" என்பாள் அவள்.

எங்கள் வீட்டில் சிரிப்புக் கேட்டதென்றால் அந்த நேரம்தான்.

அப்படிக் காத்தவளுக்குப் போன கிழமை பிசகிவிட்டது. குகைக்குள் ஒரு பூதம் நெருப்பை ஊதியது. நெருப்புக்கு முன் என்ன, பின் என்ன? அன்ரன் விழுந்தான். அவன் நின்ற இடத்தில் ஒரு சின்னச் சவப்பெட்டி. மிச்ச மூன்று பேரும் நடக்க, பெட்டி பின்னால் இழுபட்டு வந்தது.

தம்பி வலை ஊசியை நிலத்தில் வைத்தார்.

"நிப்பாட்டு பிள்ளை. சவம் கிடக்கேக்கை பயணம் போறதோ?"

"கோயிலுக்குக் கொண்டு போனால் சரி மாமா. இதில இருக்கிற சாமியார் எழுப்பித் தருவார்."

"எங்கட சாமியார் காய்ச்சலுக்கே ஆஸ்பத்திரிக்குப் போ எண்டுறார்." அவர் சிரிக்கவில்லை. "அப்ப அடக்கம் எப்ப?"

"இதில அடக்கம் இல்லை மாமா. ஒண்டில் எழுப்பவேணும். இல்லாட்டி இழுத்துக்கொண்டு திரியவேணும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது போல. நான் ரீவியைப் பார்த்தேன். இழுக்கிற மூன்று பேர் யார்? தம்பி, ஜசிந்தா, நான்.

யப்பான்காரனின் கரையிலும் திரும்பி வராதவர்கள் இருந்திருப்பார்களோ? இல்லாவிட்டால் இதை எப்படி யோசித்திருப்பான்?

அடுத்த நாள் பின்னேரம் பெட்டியைக் கேமில் இருந்த கோயிலுக்குக் கொண்டுபோனாள். அங்கே இருந்த சாமியார் ஏதோ இங்கிலிஷில் கேட்டார்.

"என்னவாம் பிள்ளை?" என்றேன்.

"எழுப்பவோ எண்டு கேக்கிறார் மாமி. ஓம் எண்டால் மேல, இல்லை எண்டால் கீழ."

பெருவிரல் மேலே போனது. அங்கேயே நின்றது. ஓம் என்றோ இல்லை என்றோ சொல்ல எங்களுக்கு என்ன உரிமை?

அவள் கீழே அழுத்தினாள்.

கூட நடக்காதவர்களை விட்டுப் போக அதிலே ஒரு சத்திரம் இருக்கிறது. பெட்டியை அங்கே கொண்டுபோய் விட்டாள். திரும்பி வெளியே வந்தபோது மூன்று பேர். பின்னால் ஒன்றும் இல்லை.

"மாமா, சாமியாரிட்டப் பூசைக்குச் சொல்லுங்கோ."

"உனக்கு நிச்சயமோ பிள்ளை?"

"நிச்சயம் எண்டு என்னத்தைச் சொல்ல? உங்கட வள்ளம் வெயில்ல வெடிக்குது. அதை எத்தினை நாள் பாக்கிறது?"

தம்பி இடுப்பில் கட்டியிருந்த சாரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

பூசை நடந்தது. பெட்டிக்குள் என்ன வைப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஜசிந்தா அவன் கலியாணத்துக்குப் போட்ட சேட்டை மடித்து வைத்தாள். சிலுவை நட்டோம். பிறகு தேத்தண்ணி குடித்துக்கொண்டு, "இனியாவது அந்த வீடு தலை நிமிரும்" என்று சனம் சொன்னது.

அவ்வளவு லேசா?

நேற்று விடியத் தம்பி வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு இறங்கினார். ஜசிந்தாவும் நானும் கரையில் நின்றோம். வெயில் ஏறியும் இரண்டு பேருக்கும் வீட்டுக்குத் திரும்ப மனம் வரவில்லை. அவர் வந்து சேர்ந்த பிறகுதான் அடுப்பு மூட்டினோம். இன்றைக்கும் போயிருக்கிறார்.

துக்கம் முடிந்த வீட்டில் பயம் தொடங்கிவிட்டது.