சொல்லாத விண்ணப்பம்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் தேவாலயச் சபையின் வேன் எங்கள் வீட்டுக்கு எதிரே உறுமிக்கொண்டு நின்றது. முன்சீட்டில் மதர் பெட்வே உட்கார்ந்திருந்தார். எங்கள் சபையில் மூத்த பெண்களை ‘மதர்’ என்றுதான் கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வைக்கிற ஊதாத் தொப்பி அவர் தலையில் இருந்தது. நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வேன் கதவு சரியாக மூடாமல் இருந்ததால் கிட்டே போனேன்.

“என்ன மதர், செவ்வாய்க்கிழமையில தொப்பி?”

“ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போடணுமாம். அந்த மாதிரி எடத்துக்கு வெறுந்தலையோட போவாங்களா?”

“உங்களுக்கு உடம்புக்கு என்ன?”

“எனக்கா? எனக்கென்ன கேடு? வாயில இருக்கிற பல்லெல்லாம் சொந்தப் பல்லு.”

ஸ்டீரிங்குக்குப் பின்னாலிருந்து லூவெர்ன் குரல் கொடுத்தார். “ஷரெல், உனக்கு வேலைக்கு நேரமாகலயா?”

“யாருக்கு உடம்பு சரியில்ல, மிஸ் லூவெர்ன்?”

“யாருக்கோ. கதவச் சாத்து. சூடெல்லாம் வெளிய போகுது.”

சாத்தினேன். மதர் கண்ணாடியைப் பாதி இறக்கினார். “மத்தியானம் சோளரொட்டி சுடப்போறேன். வந்து ஒரு துண்டு எடுத்துக்க, எலும்பும் தோலுமா இருக்க.”

“கண்ணாடிய ஏத்துங்க, மதர்.”

“ஏத்துறேன், ஏத்துறேன். இவ என்ன இன்னிக்குப் பறக்குறா.”

வேன் போய்விட்டது. தெருவோரத்தில் கறுத்துப்போன மார்ச் மாதப் பனியை அதன் சக்கரங்கள் என் காலணிமேல் வாரி இறைத்தன. லூவெர்ன் டாக்கின்ஸ் அப்படி வண்டியை எடுத்து நான் பார்த்ததே இல்லை.

விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகரின் வடபகுதியில் வளர்ந்த எங்களில் பலர் அவர் ஓட்டிய வண்டியில் போனவர்கள்தான். பல வருடம் அவர் மஞ்சள் பள்ளிப் பேருந்து ஓட்டினார். ஊரின் மறுகோடியில் இருந்த பிரெஞ்சுப் பள்ளிக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது அவர்தான். வண்டியில் நாங்கள் பிரெஞ்சில் கிசுகிசுத்தால், “திட்டுறதுன்னா எனக்குப் புரியற மாதிரித் திட்டுங்க” என்பார். ஓய்வு பெற்றதும் சபை வேனை எடுத்துக்கொண்டார். ரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர்கள், கண் ஆபரேஷன் செய்துகொள்கிறவர்கள், கணவனைச் சிறையில் பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் அவர் வண்டியில்தான் போவார்கள். மயக்க மருந்து கொடுத்தவரை யாராவது ஒருவர் பொறுப்பேற்று வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. சபையில் பாதிப் பேருக்கு அந்த ஒருவர் லூவெர்ன். காத்திருக்கும் அறையில் எந்த நாற்காலியின் கால் ஆடும் என்பதுகூட அவருக்குத் தெரியும்.

தனக்கென்று வரும்போது மட்டும் ஆள் வேறு. கணவரைப் பிரிந்து காலம் ஆயிற்று. டெக்சஸில் இருக்கும் மகனோடு போனில் பேசினால் பேச்சு முழுக்க வானிலைதான். ஒரு குளிர்காலத்தில் காய்ச்சல் வந்தபோது, வீட்டில் ஆளில்லை என்று நினைக்கட்டும் என்று வாசல் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். யாராவது ஒரு தட்டு மீன் வறுவல் கொண்டுவந்து கொடுத்தால், அதே தட்டு மறுநாள் பீச் பழப் பணியாரத்தோடு திரும்பிப் போய்விடும். வாங்கியதன் சூடு ஆறுவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் அவருக்கு.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் சபையில் ஒரு கறுப்பினப் பெண் இறந்துபோனால், சவப்பெட்டியின் முன் நின்று சொல்கிற மிக உயர்ந்த புகழ்ச்சி ஒன்று உண்டு. ‘இந்தச் சகோதரி யாரிடமும் எதையும் கேட்டதில்லை.’ அதைக் கேட்டதும் பெஞ்சுகளில் இருக்கும் பெண்கள் எல்லாரும் “ஆமென்” என்று உரக்கச் சொல்வார்கள். லூவெர்னுடைய அக்காவின் சவ அடக்கத்திலும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த அக்கா கடைசி மாதம் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சமையலறைக்கும் படுக்கைக்கும் நடந்தவர்.

செவ்வாய்க்கிழமை நடந்தது என்ன என்பதை அன்று சாயங்காலம் சோளரொட்டி வாங்கப் போனபோது மதர் பெட்வே சொன்னார். சொல்லும் முன் சமையலறைக் கதவைச் சாத்தினார், வீட்டில் வேறு யாரும் இல்லாதபோதும்.

“யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னா. உன்கிட்டச் சொன்னா சொன்ன கணக்குல சேராது. நீதான் வாயே தெறக்க மாட்டியே.”

லூவெர்னின் இடது மார்பில் கட்டி. கெட்ட கட்டிதான் என்று ஜனவரியிலேயே தெரிந்துவிட்டது. தள்ளிப்போடாமல் எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எடுத்த அன்றே வீட்டுக்குப் போகலாம், ஆனால் கூட்டிப்போக ஒருவர் வேண்டும், அன்றிரவு கூட இருக்கவும் ஒருவர் வேண்டும். யாரைக் கேட்பது? வாரக்கணக்கில் யோசித்து லூவெர்ன் ஒரு வழி கண்டுபிடித்தார். கையெழுத்துப் போட மதர் பெட்வேயை வேனில் ஏற்றிக்கொண்டு போவது. ஆபரேஷன் முடிந்ததும் மதரை ஏற்றிக்கொண்டு தானே ஓட்டித் திரும்புவது.

“மயக்க மருந்தோடயா?” என்றேன்.

“நான் யோசிக்கல, கண்ணு. அவ ஓட்டி நான் உக்காந்துதான் பழக்கம்.”

ஆஸ்பத்திரியில் முன்மேசைப் பெண் சிரித்துக்கொண்டே வரவேற்றாளாம். “வாங்க சிஸ்டர், இன்னிக்கு யாரக் கூட்டிட்டு வந்தீங்க?”

“என்னைத்தான்” என்றாராம் லூவெர்ன். அந்தப் பெண் அதைப் பெரிய ஜோக் என்று எடுத்துக்கொண்டாள்.

உடுப்பு மாற்றி, கையில் ஊசி ஏற்றிப் படுக்க வைத்தாயிற்று. நர்ஸ் மதரிடம் சும்மா பேச்சுக்குக் கேட்டாள், “வண்டிய எந்த மாடியில நிறுத்தியிருக்கீங்க, அம்மா?”

“நான் எங்க நிறுத்துறது? அவதான் நிறுத்துனா, அவதான் எடுப்பா. எங்க வீட்டுக்காரர் போனதுல இருந்து நான் ஸ்டீரிங்கத் தொட்டதே கெடையாது.”

என்னிடம் சொல்லும்போது மதர் ரொட்டி நறுக்கும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். “பொய் சொல்லணும்னு அவ முன்னாடியே சொல்லியிருந்தா, ஒருவேளை சொல்லியிருப்பேன். இந்த வயசுல திடீர்னு கேட்டா எனக்கு எங்கேருந்து பொய் வரும்?”

ஊசியைப் பிடுங்கிவிட்டார்கள். அடுத்த வாரம் வியாழக்கிழமைக்கு மாற்றினார்கள். அதற்குமேல் தள்ளினால் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். திரும்பும் வழியில் லூவெர்ன் மதரின் வீட்டைத் தாண்டிப் போய், பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தாராம்.

அதற்குப் பிறகு அவரால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. என் ஜன்னலிலிருந்து அவர் முற்றம் தெரியும். உறைகிற குளிரில் வேனைக் கழுவினார். பனி பெய்யாத நாளில் பனிவாரியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீடுகளின் நடைபாதையைச் சுரண்டினார். ஆட்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார், கொண்டுவந்து விட்டார், மறுபடி போனார். நான் இரண்டு தடவை தெருவைக் கடந்து போனேன், கேட்டுவிடுவது என்று. முதல் தடவை என் கையில் ஒரு பை கீரையைத் திணித்து அனுப்பிவிட்டார். இரண்டாம் தடவை, “உன் டயர்ல காத்து கம்மியா இருக்கு” என்று குனிந்து காற்றடிக்க ஆரம்பித்துவிட்டார். அவருக்குக் கேட்க வராது, எனக்குப் பேச வராது. வியாழக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிறு ஆராதனையில் பிரசங்கத்துக்கு முன் ஜெப விண்ணப்பம் சொல்லும் நேரம். கையைத் தூக்கி, மகனுக்கு வேலை, பேத்திக்குப் பரீட்சை என்று சொல்வார்கள். என்னவென்று சொல்ல விரும்பாதவர்கள் “சொல்லாத விண்ணப்பம்” என்று மட்டும் சொன்னால் போதும். அப்படிச் சொன்னவரிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. ஆராதனை முடிந்து வண்டி நிறுத்துமிடத்தில்கூடக் கேட்கக் கூடாது. ஜனவரியிலிருந்து லூவெர்ன் வாராவாரம் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

“சொல்லாத விண்ணப்பம், பாஸ்டர்.”

“கர்த்தர் அறிவார், சிஸ்டர்” என்று பாஸ்டர் அடுத்த கையைப் பார்த்தார்.

முன்வரிசையில் ஊதாத் தொப்பி எழுந்தது. “கொஞ்சம் பொறுங்க, பாஸ்டர். கர்த்தர் அறிஞ்சு ரொம்ப நாளாச்சு. ஆனா கர்த்தருக்கு விஸ்கான்சின்ல டிரைவிங் லைசென்ஸ் இல்ல.”

சிலர் சிரித்தார்கள். லூவெர்னின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“மதர், உக்காருங்க” என்றார் லூவெர்ன்.

“முட்டி வலிக்குது, ஆனா உக்கார மாட்டேன். நான் சொல்லக் கூடாதுன்னு வாக்கு வாங்கிட்ட. அதனால நான் ஒண்ணும் சொல்லல. உன் வாயால நீ சொல்லு.”

ஆர்கன் வாசிப்பவர் என்ன செய்வதென்று தெரியாமல் மெதுவாக எதையோ வாசிக்க ஆரம்பித்தார். லூவெர்ன் கைப்பையை எடுத்துக்கொண்டு நடுப்பாதை வழியாக நடந்தார். கதவு அவருக்குப் பின்னால் படாரென்று மூடியது. என் இருக்கை கதவோரம். கோட்டைக்கூட எடுக்காமல் எழுந்து போனேன்.

வேனுக்குள் என்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். எடுத்துக்கொண்டு போய்விடவும் முடியாது, பாதிச் சபை வீடு திரும்ப வேண்டியது அந்த வண்டியில்தான். நான் முன்சீட்டில் ஏறினேன். அவர் திரும்பவில்லை.

“அந்தக் கெழவிய இனிமே பஸ்ல போகச் சொல்லு.”

“சரி.”

“யாராவது எழுந்தாங்களா?”

“பெரிய டீக்கன் எழுந்தாரு. சிஸ்டருங்க எல்லாம் கோட்டு மாட்டுறாங்க.”

“ஆரம்பிச்சாச்சு. இனி என் வீட்டுல கால் வைக்க எடமிருக்காது, அத்தன பாத்திரம் மக்ரோனி வந்து குவியும்.” ஸ்டீரிங்கைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். “கேட்டா செய்வாங்கன்னு எனக்குத் தெரியாதா? செய்வாங்க. செஞ்சுட்டு ஒரு பார்வை பாப்பாங்க. அந்தப் பார்வை எனக்குத் தெரியும், நானே பாத்திருக்கேன். பின்சீட்டுல இருக்கறவங்கள இந்தக் கண்ணாடியில. அன்பாத்தான் பாப்பேன். ஐயோ பாவம்னும் பாப்பேன்.”

துடைத்த துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“வியாழக்கெழம உனக்கு வேலை உண்டா?”

“உண்டு.”

“அப்ப வேணாம்.”

“லீவு போட்டுக்கறேன்.”

“வேணாம்னேனே.” ஹீட்டரைக் கூட்டினார், குறைத்தார். “இந்த வண்டிய ஓட்டியிருக்கியா?”

“இல்ல.”

“பிரேக்கு கொஞ்சம் லேட்டாப் பிடிக்கும். ஆறு மணிக்கு அங்க இருக்கணும்.”

“ராத்திரிக்கும் துணி எடுத்துட்டு வரேன்.”

அவர் தலையசைத்தாரா, குளிரில் நடுங்கினாரா, தெரியவில்லை. சபைக் கதவு திறந்தது. படிகளில் தொப்பிகள் இறங்கத் தொடங்கின, ஒன்றன்பின் ஒன்றாக, எங்கள் வேனைப் பார்த்து. அவற்றைப் பார்த்ததும் லூவெர்ன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வேகமாகப் பேசினார்.

“இன்னொண்ணு. அவங்க வர்றதுக்குள்ள சொல்லிடறேன். மயக்கம் தெளிஞ்சதும் நான் எழுந்து உக்காந்துக்குவேன். எனக்கு ஒண்ணுமில்ல, நீ கெளம்பு, உன் வேலையப் பாருன்னு சொல்லுவேன். நல்லாச் சிரிச்சுக்கிட்டே சொல்லுவேன். நர்ஸுங்க நம்பிடுவாங்க, எல்லாரும் நம்பியிருக்காங்க. நீ மட்டும் நம்பாத, ஷரெல். நான் எவ்வளவு வெரட்டினாலும் போகாத.”