யார் கை காட்டினாலும் நிற்பவர்

கிரேன்காரருக்கு மனிதர்களின் முகம் சரியாக நினைவிருக்காது. அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருபத்து நான்கு வருடம் பன்னிரண்டு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே நடமாடுகிறவர்களைப் பார்த்தே பிழைத்தவருக்கு வேறு எது தெரியும்? இன்ஜினியர் என்றால் வெள்ளை ஹெல்மெட், மேஸ்திரி என்றால் மஞ்சள் ஹெல்மெட். ஹெல்மெட் போடாதவர்களை வகிட்டையும் சுழியையும் வைத்துப் பிரித்துக்கொள்வார். சொந்த மச்சானையே, கூட்டத்தில் தொலைத்துவிட்டால், உள்ளங்கை அகல வழுக்கையைத் தேடித்தான் கண்டுபிடிப்பார்.

மேலே ஏறியபின் அவருக்குக் காதும் கிடையாது, வாயும் கிடையாது. எல்லாம் கைதான். கீழே நிற்கும் சிக்னல்காரரின் விரல் மேல்நோக்கிச் சுழன்றால் தூக்க வேண்டும், கீழ்நோக்கிச் சுழன்றால் இறக்க வேண்டும். தூக்கு, இறக்கு, திருப்பு என்று சொல்லும் உரிமை அந்த ஒருவருக்கு மட்டும்தான்; முதலாளியே வந்து விரலைச் சுழற்றினாலும் கிரேன் அசையாது. ஆனால் 'நில்' என்பது அப்படியல்ல. அதை யார் காட்டினாலும் நிற்க வேண்டும். உள்ளங்கை உயர்ந்தால் நில். இரண்டு கையும் ஆடினால் மூச்சுகூட விடாமல் நில். காட்டியவர் வழிப்போக்கரா, பைத்தியமா என்றெல்லாம் பார்க்கக் கூடாது.

இதைக் கல்யாணமான மூன்றாம் மாதமே அவர் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். சண்டை முற்றும்போது உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினால் மனிதர் பாதி வார்த்தையில் நின்றுவிடுவார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு சண்டையிலும் அவர் ஜெயித்ததில்லை.

அவர் வேலை பார்த்த கட்டடக் கம்பெனி இழுத்து மூடப்பட்டதும்தான் வினை வந்தது. துறைமுகச் சரக்குப் பிரிவில் கிரேனுக்கு ஆள் எடுக்கிறார்கள், வயது நாற்பத்தெட்டைத் தாண்டக் கூடாது, நேர்காணல் உண்டு என்று தகவல் வந்தது. அவருக்கு நாற்பத்தெட்டு முடிய இரண்டு மாதம் இருந்தது. இதை விட்டால் இந்த ஜென்மத்தில் கிரேன் கிடையாது. அப்புறம் மச்சானின் நாற்காலி வாடகைக் கடைதான். நாற்காலி கெட்ட பொருளல்ல. ஆனால் ஆயிரம் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டு, மச்சானின் அறிவுரைகளைக் காலை முதல் மாலை வரை தரைமட்டத்தில் நின்று கேட்பது என்பதை நினைத்தாலே அவருக்குத் தலை சுற்றியது. பன்னிரண்டாம் மாடியில் ஒரு நாளும் சுற்றாத தலை அது.

அவர் வாழ்நாளில் நேர்காணலுக்குப் போனதில்லை. முதல் வேலையில் சேரும்போது ஒருவர் "உயரம்னா பயமா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றார். "அப்ப ஏறு" என்றார் அவர். அவ்வளவுதான். அதனால் பயிற்சி கொடுக்கும் பொறுப்பை மச்சானே ஏற்றுக்கொண்டார். மச்சான் பத்தொன்பது நேர்காணல்களுக்குப் போனவர். ஒன்றில்கூட வேலை கிடைக்கவில்லை. கேட்டால் அங்கே மின்விசிறி சரியில்லை, இங்கே கேள்வி சரியில்லை என்பார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

"மாப்பிள்ளை, மொதல்ல சிரிங்க."

கிரேன்காரர் சிரித்தார். இருபத்து நான்கு வருடமாக யாரும் பார்க்காத முகம். சிரிப்பு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் காதுப் பக்கமாகப் போயிற்று.

"பல்லு வலிக்குதா?"

"இல்ல மச்சான். சிரிக்கிறேன்."

"அப்ப வேணாம். சும்மா இருங்க. கண்ணப் பாத்துப் பேசுங்க, அது போதும்."

அங்கேயும் கோளாறு. அவர் பார்வை தானாக மச்சானின் வழுக்கைக்கு ஏறியது. இறக்கினால் மறுபடி ஏறியது. மச்சான் நாற்காலி மேல் நின்று பார்த்தார், கிரேன்காரரைத் தரையில் உட்கார வைத்துப் பார்த்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி, "அண்ணே, கூடவே தொப்பி ஒண்ணு போட்டுக்கோங்க, பார்வை தானா எறங்கும்" என்றாள். மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது.

கடைசியில் ஒரு பேச்சை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தார். "நான் ஒரு பொறுப்பான ஆள். என்னுடைய பலவீனம் அளவுக்கு மீறிய உழைப்பு" என்று தொடங்கும் அது. பலவீனம் என்று கேட்டால் பலத்தைச் சொல்ல வேண்டுமாம், அதுதான் சூட்சுமமாம். நாலு நாள் கிரேன்காரர் அதைக் குளிக்கும்போதும் சொன்னார், தூக்கத்திலும் சொன்னார். மனைவி தூக்கத்திலேயே உள்ளங்கையைத் தூக்கினாள்.

நேர்காணல் அன்று மச்சானே ஸ்கூட்டரில் கூட்டிப் போனார். துறைமுக வாசலில் காவலர் அவரை உள்ளே விடவில்லை. "நான் வேலிப் பக்கமா நிக்கிறேன் மாப்பிள்ளை. தைரியமாப் போங்க" என்றார்.

அறையில் மூன்று பேர். நடுவில் மேலாளர் அம்மா, வலது பக்கம் ஓய்வுபெறப் போகிற வயதில் ஒரு இன்ஜினியர், இடது பக்கம் லேப்டாப்புடன் ஒரு இளைஞர்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார் மேலாளர்.

"நான் ஒரு பொறுப்பான ஆள். என்னுடைய பலவீனம் அளவுக்கு மீறிய..."

அந்த நேரம் பார்த்துத் தேநீர் வந்தது. இளைஞர் தனக்கு வேண்டாம் என்று உள்ளங்கையைத் தூக்கினார். கிரேன்காரர் நின்றுவிட்டார்.

"அளவுக்கு மீறிய?" என்றார் மேலாளர்.

கிரேன்காரர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் ஏன் தன் கையையே முறைக்கிறார் என்று புரியாமல் இளைஞர் கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். மேலாளரின் முகம் மாறியது. அளவுக்கு மீறிய என்னவாக இருக்கும்? குடியா? கோபமா? பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

"பரவாயில்ல, சொல்லுங்க. எதுவா இருந்தாலும் சொல்லலாம்."

"தம்பி கைய எறக்கட்டும் மேடம்."

இளைஞர் சூடு பட்டவர்போலக் கையை இறக்கினார். அப்போதும் கிரேன்காரர் விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை. மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இங்க யாருங்க சிக்னல் குடுக்கிறது?" என்று கேட்டார்.

மற்ற இருவருக்கும் முழி பிதுங்கியது. இன்ஜினியருக்கு மட்டும் விளங்கிவிட்டது. அவர் மெல்ல விரலை உயர்த்தி மேல்நோக்கிச் சுழற்றினார்.

"உழைப்பு" என்று முடித்தார் கிரேன்காரர்.

அடுத்தது செய்முறைத் தேர்வு. முற்றத்தில் ஒரு கான்கிரீட் கட்டை. அதைத் தூக்கி, அந்தப் பக்கம் வரைந்திருக்கும் மஞ்சள் சதுரத்துக்குள் பதினைந்து நிமிடத்தில் வைக்க வேண்டும். படியேறிக் கூண்டுக்குள் உட்கார்ந்ததும் கிரேன்காரருக்கு உயிர் திரும்பி வந்தது. சிக்னல்காரரின் விரல் சுழன்றது. கட்டை பிறந்த குழந்தையைத் தூக்கியதுபோல ஆடாமல் எழுந்தது.

வேலிக்கு அப்பால் நின்ற மச்சான் இதைப் பார்த்துவிட்டார். தங்கை புருஷன் அவ்வளவு உயரத்தில், அவ்வளவு பெரிய கட்டையுடன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஸ்கூட்டர் மேல் ஏறி நின்று, உற்சாகப்படுத்துவதற்காக இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார்.

கிரேன் நின்றது. கட்டை நடுவானத்தில் தொங்கியது.

சிக்னல்காரர் விரலைச் சுழற்றோ சுழற்று என்று சுழற்றினார். கிரேன்காரர் தலையை அசைத்து வேலிப் பக்கம் காட்டினார். வாசல் காவலர் மச்சானை நோக்கி ஓடினார், ஓடிக்கொண்டே "கைய எறக்குய்யா" என்று தன் இரண்டு கைகளையும் ஆட்டினார். அதுவும் நில்தான். காவலர் கையை இறக்கட்டும் என்று இளைஞர் தன் கைகளை ஆட்டினார். அதுவும் நில்தான். எல்லாரும் கையை ஆட்டுவதைப் பார்த்த மச்சான், மாப்பிள்ளை தேறிவிட்டார், ஊரே கொண்டாடுகிறது என்று நினைத்து, இன்னும் வேகமாக ஆட்டினார். சரக்கு இறக்குகிறவர்கள் நாலு பேர் எதற்கென்று தெரியாமலே சேர்ந்துகொண்டார்கள். அத்தனை கைகளுக்கும் மேலே கிரேன்காரர் கைப்பிடியிலிருந்து விரலை எடுத்துவிட்டு, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடிகாரம் அவருக்கும் தெரிந்தது.

கடைசிக் கை இறங்கியபோது பதினான்கு நிமிடம் போயிருந்தது. கட்டை சதுரத்தின் நாலு கோட்டையும் தொடாமல் நட்டநடுவில் உட்கார்ந்தபோது பதினேழு.

"அந்த ஆள் சும்மாதான் கை ஆட்டுறார்னு உங்களுக்குத் தெரியலயா?" என்று, எல்லாரும் அறைக்குத் திரும்பியதும், கேட்டார் மேலாளர்.

"தெரியுங்க. அது என் மச்சான். அந்த வழுக்கை எங்க இருந்தாலும் தெரியும்."

"அப்புறம் ஏன் நிறுத்துனீங்க?"

கிரேன்காரர் கொஞ்சம் யோசித்தார். மச்சான் எழுதிக் கொடுத்ததில் இதற்குப் பதில் இல்லை. "இன்னைக்கு இவன் சும்மா ஆட்டுறான்னு நானா முடிவு பண்ணி ஓட்டுனா, என்னைக்காவது ஒருத்தன் நெசமா ஆட்டும்போதும் அப்படித்தாங்க முடிவு பண்ணுவேன். அன்னைக்கு கட்டைக்குக் கீழ யாராவது இருப்பாங்க."

இன்ஜினியர் இளைஞரிடம் "பாஸ் போடுங்க" என்றார். இளைஞர் லேப்டாப்பைத் தட்டினார், மறுபடி தட்டினார். செய்முறைத் தேர்வுக்கு அதில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: நேரத்துக்குள் முடித்தாரா, இல்லையா. இல்லை என்றால் பக்கம் தானாக மூடிக்கொண்டது. இன்ஜினியர் கத்தினார், மேலாளர் யாருக்கோ போன் செய்தார். மூடிய பக்கம் திறக்கவில்லை. காலையில் வந்த ஒருவர், சிக்னல்காரரை ஒருமுறைகூடப் பார்க்காமல், எட்டு நிமிடத்தில் முடித்துவிட்டுப் போயிருந்தார். அவரை லேப்டாப் பச்சை நிறத்தில் ஏற்றுக்கொண்டிருந்தது.

இன்ஜினியர் கதவு வரை வந்தார். "நீங்க மேல இருந்தா நான் கீழ நிம்மதியா நடப்பேன்" என்றார். கிரேன்காரர் அவர் முகத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

வாசலுக்கு நடக்கும்போது அவருக்கு மச்சானைக் கொன்றுபோட்டால் என்ன என்றிருந்தது. என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாகச் சேர்த்துக்கொண்டே வந்தார். மச்சான் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றிருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. ஆட்டிய ஆட்டத்தில் தோள் இரண்டும் பிடித்துக்கொண்டு, கைகள் தூக்க முடியாமல் தொங்கின.

"நான் கை ஆட்டுனது தெரிஞ்சுதா மாப்பிள்ளை?"

"தெரிஞ்சுது மச்சான்."

"தைரியமா இருந்துச்சா?"

கிரேன்காரர் சாவியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார். ஸ்கூட்டரைக் கிளப்பினார். மச்சான் பின்னால் ஏறி உட்காரும் வரை பொறுத்திருந்தார்.

"இருந்துச்சு" என்றார். "திங்கக்கிழமை கடைய எத்தன மணிக்குத் தெறக்கணும்?"