வலது விரலிலும் மை

“எது எந்தச் சின்னம்னு உனக்கு எப்புடி அம்மணி தெரியும்?” ஓட்டுப் போடக் கிளம்பும்போது அப்பா கேட்டார். கேலி இல்லை. பிறவியிலேயே பார்வை இல்லாத மகள்மேல் அவருக்கு இருக்கும் வழக்கமான சந்தேகம்தான்.

இயந்திரத்தில் ஒவ்வொரு பட்டனுக்குப் பக்கத்திலும் பிரெய்ல் எண் இருக்கிறது. வேட்பாளர் பட்டியலும் பிரெய்லில் உண்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், பி.ஏ. முடித்தவள். அப்பாவுக்கு விளக்கிச் சொன்னேன். “செரி, வா பாக்கலாம்” என்றார். அதுதான் என் முதல் ஓட்டு.

போத்தனூரில் எங்கள் வாக்குச்சாவடி ஒரு பள்ளிக்கூடம். வாசலில் சாய்தளம் போட்டிருந்தார்கள். ஒருவர் ஓடிவந்து சக்கர நாற்காலியில் உட்காரச் சொன்னார். “கால் நல்லா இருக்குதுங்க” என்றேன்.

உள்ளே என் இடது விரலில் மை வைத்தார்கள். பட்டியலைக் கேட்க நான் வாயெடுப்பதற்குள், அதிகாரி எனக்குப் பின்னால் நின்ற அப்பாவிடம் பேசினார். “ஏனுங்க, நீங்க அப்பாவுங்களா? துணைக்கு வாரவங்க இதுல கையெழுத்துப் போடோணுங்க.”

அப்பாவுக்குக் கையெழுத்து வராது. கைரேகை வாங்கிக்கொண்டு, துணைக்கு வந்த அடையாளமாக அவருடைய வலது விரலில் மை வைத்தார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறைப்புக்குள் கையை நீட்டினேன். முதல் எண்ணில் விரல் பட்டது. நான் போட நினைத்திருந்த மூன்றாவதுக்கு இறங்குவதற்குள், கூடவே வந்த அப்பாவின் கை முந்தியது; பீப் சத்தம் நீளமாகக் கேட்டது.

“ஆச்சு, வா.”

“எதுலப்பா போட்டீங்க?”

“நாம எப்பவும் போடறதுலதான்.”

கோபம்கூட வரவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அப்பா காலையிலேயே தன் ஓட்டைப் போட்டிருந்தார். பேக்கரியில் அவருடைய சிநேகிதர் இரண்டு கை மையையும் பார்த்துவிட்டார். “என்னுங்க, ரெண்டு ஓட்டுப் போட்டுப்போட்டீங்களாட்ட இருக்குது!”

“புள்ளைக்கும் நானே போட்டுப்போட்டனுங்க” என்று அப்பா சிரித்தார். எனக்கு டீயும் தேங்காய் பன்னும் வாங்கித் தந்தார். தின்றேன். நாலைந்து நாள் அப்படியே போனது. வேலைக்குப் போனேன், வந்தேன்.

தேர்தல் முடிந்து, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் மனு வாங்குவது மறுபடி தொடங்கியது. முந்தின நாள் அப்பாவிடம் சொன்னேன்: “அடுத்த தடவை நீங்க வெளியவே நின்னுக்கோங்கப்பா.”

மறுநாள் தனியாகப் பஸ் ஏறினேன். துணை வேண்டுமா என்று முதலில் வாக்காளரிடமே கேளுங்கள், பிரெய்ல் பட்டியலைக் கேட்கும்முன் கையில் கொடுங்கள் என்று நானே டைப் செய்த மனு. வரிசையில் நின்று கொடுத்துவிட்டு, ரசீது வாங்கிக்கொண்டேன்.