ஆயிரம் குதிரை வலு மாப்பிள்ளை

கனடா எஞ்சினின் சத்தத்தையும் ஜப்பான் எஞ்சினின் சத்தத்தையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் மாங்குளத்தில் இரண்டு பேர்தான் இருந்தோம். இந்தக் கெட்டித்தனத்தால் எங்கள் இருவருக்கும் ஒரு பிரயோசனமும் கிடைக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒருவன் நான். கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசியும் சீனியும் நிறுக்கிற வேலை. றெயில் சத்தம் கேட்டால் என் கை தராசை மறந்துவிடும். கூட்ஸ் றெயில் வருகிற நேரம் பார்த்துச் சீனி வாங்க வருகிற கெட்டிக்காரர்கள் ஊரில் இருந்தார்கள். மற்றவர், ஸ்டேஷனுக்கு முன்னால் வாளியும் புனலும் செய்துகொண்டிருந்த தகர வேலைக்காரர். எழுபத்தேழு கலவரத்தோடு மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியவர். தேயிலைத் தோட்டத்து லயத்துக்குக் கீழால் வளைந்து வளைந்து ஏறும் றெயிலைப் பார்த்து வளர்ந்த மனிதருக்கு, வன்னியின் தண்டவாளம் நேராகப் போவதே பெரிய குறை. "இதெல்லாம் ஒரு றெயிலு பாதையாண்ணே? கோடு போட்ட மாதிரில இருக்கு" என்பார். ஆனால் ஹோர்ன் கேட்டால் எனக்கு முன்னால் அவர்தான் வேலியடியில் நிற்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து புது டீசல் எஞ்சின்கள் வந்து இறங்கின. அதில் ஒன்று கூட்ஸ் இழுத்துக்கொண்டு எங்கள் பக்கம் முதன்முதல் வந்த அன்று நான் கடையைப் பூட்டாமலே ஓடினேன். நாங்கள் அதுவரை கேட்டிராத ஒரு குரல். தொண்டையைச் செருமிவிட்டுப் பேச்சைத் தொடங்குகிற தலைமை வாத்தியார் மாதிரி. அன்றே தீர்மானித்துவிட்டோம், இதை அளவுக்கு அளவு சின்னதாகச் செய்வதென்று.

லண்டனில் படிக்கப் போயிருந்த பெரியம்மாவின் மகன் "என்ன வேணும்?" என்று எழுதியிருந்தான். மற்றவர்கள் மணிக்கூடு கேட்டார்கள், சேர்ட்துணி கேட்டார்கள். நான் மாதிரி எஞ்சினுக்குப் பூட்டி உருட்டுகிற சில்லுகள் கேட்டேன். அங்கே இதற்கென்றே கடைகள் இருக்கின்றனவாம். பெரிய பெரிய மனிதர்கள் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு வந்து விரல் நீள எஞ்சின்களைத் தூக்கிப் பார்த்துச் சண்டை பிடிப்பார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு உலகத்தில் சொந்தக்காரர் கூடிவிட்டது போல இருந்தது. சில்லுகள் வந்தன. உடம்புக்கு மீன் அடைத்து வந்த ரின்னின் தகரம். வெட்டுவதற்கு என் தங்கச்சியின் கத்தரிக்கோல். எஞ்சினை அளப்பதற்கு அவளுடைய ரேப்.

தங்கச்சி தையல் தைத்துத்தான் வீட்டின் பாதியைத் தாங்கினாள். மிஷின் லாச்சியை இழுத்து அவள் நூல் தேடினால் சில்லு வரும். கத்தரிக்கோல் துணியைக் கடிக்கத் தொடங்கிய அன்று அவள் என்னோடு கதைக்கவில்லை. மீன்ரின் தகரத்தை நிலைப்படியில் அவளுடைய கால் மிதித்த அன்று அம்மாவும் கதைக்கவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் அவளுக்கு வவுனியாப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. சாதகம் பொருந்தியது. மாப்பிள்ளை றெயில்வேயில் உதவிச் சாரதி. அதுவும் இங்கிலாந்து எஞ்சினில்! கேள்விப்பட்டதும் நான் சாமியறைக்குள் போய் விழுந்து கும்பிட்டேன். அம்மா நான் தங்கச்சிக்காகக் கும்பிடுவதாக நினைத்து நெகிழ்ந்துபோனா.

ஐயாவுக்குக் காலில் வருத்தம், நடக்க ஏலாது. ஆளைப் பார்த்துவர என்னை அனுப்பினார்கள். தனிப் பாதை என்றபடியால் எதிர்த்திசையில் ஆட்களை ஏற்றிவரும் யாழ்தேவி றெயிலுக்கு வழிவிட்டு கூட்ஸ் எங்கள் ஸ்டேஷனில் பக்கத் தண்டவாளத்தில் நிற்கும். அந்த நேரத்துக்குள் கதைத்து முடிக்கவேண்டும். அம்மா படலைவரை வந்து படிப்பித்தா.

"குடிக்கிறவரோ, கோவக்காரனோ, கலியாணத்துக்குப் பிறகு எங்கை இருக்கப் போறார். மூண்டையும் கேட்டுக்கொண்டு வா. விளங்கிச்சோ?"

"ஓமம்மா."

நானும் தகர வேலைக்காரரும் போனோம். கூட்ஸ் நின்றது. கதவடியில் ஒரு மனிதர் நின்றார். "வாங்கோ" என்றார். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்கே சரியாகத் தெரியாது. எத்தனை சிலிண்டர், பிரேக் காற்றா வெற்றிடமா, ஏற்றத்தில் எவ்வளவு பாரம் இழுக்கும், உள்ளே எத்தனை விசிறி. நான் கேட்டு முடிக்கமுதல் தகர வேலைக்காரர் கேட்பார். அந்த மனிதர் வியர்வையைத் துடைத்துத் துடைத்துப் பதில் சொன்னார். யாழ்தேவி வந்தது, போனது. கூட்ஸும் புறப்பட்டது. நாங்கள் மிதந்துகொண்டு வீட்டுக்கு வந்தோம்.

"ஆள் எப்பிடி?" என்றார் ஐயா.

"ஆயிரம் குதிரை வலு ஐயா!"

தங்கச்சி மிஷினை நிறுத்திவிட்டு வந்தாள்.

"அண்ணை, அவருக்கு மீசை இருக்கோ?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"கறுப்போ வெள்ளையோ?"

"புழுதியாயிருந்தது."

"அது எஞ்சின். சரி, எஞ்சினின்ர முகத்தில விளக்குக்குக் கீழ எத்தினை திருகாணி?"

"ஆறு" என்றேன் உடனே. தகர வேலைக்காரர் "ஆறுதாங்க" என்று சாட்சி சொன்னார்.

"ஒண்டு கேட்டாலும் பத்துச் சொல்லுறார். நல்ல மனுசன், எங்களை மாதிரியே!" என்று நான் சேர்த்தேன். நல்லது சொல்வதாகத்தான் நினைத்தேன்.

அவளுடைய முகம் மாறியது. பகிடி இல்லை. "அம்மா, இந்த வீட்டில ஒரு றெயில் விசரனோட நான் படுறது காணும். இன்னொருத்தனுக்கும் காலம் முழுக்கச் சோறு போட என்னால ஏலாது. வேண்டாம் எண்டு சொல்லிவிடுங்கோ."

சாதகம் பொருந்தின சம்பந்தம். ஐயா கதிரையில் சாய்ந்தவர் சாய்ந்தபடியே இருந்தார். அம்மா அழுதா. கடைசியில் தங்கச்சிதான் இறங்கிவந்தாள். "நானே ஒருக்கால் நேர பாக்கிறன். நான் கேக்கிற ஒரு கேள்விக்கு அவர் சொல்லுற பதிலில முடிவு."

பெண் பார்க்கக் கோயிலுக்குப் போவார்கள். எங்கள் வீட்டில் ஸ்டேஷனுக்குப் போனோம். அடுத்த கூட்ஸில் அவர் வருகிறார் என்று தெரிந்துகொண்டு அம்மா, தங்கச்சி, நான், தகர வேலைக்காரர். வெறுங்கையோடு போய் நின்றால் ஊர் பார்த்துச் சிரிக்கும் என்று ஒரு சாட்டு வைத்தோம்: நாங்கள் செய்து முடித்த மாதிரி எஞ்சினை அவருக்குக் காட்டப் போகிறோம். அதை நான் தலகணி உறையில் சுற்றிக் கைக்குழந்தை போலக் கொண்டுபோனேன்.

மாப்பிள்ளை எஞ்சினிலிருந்து இறங்கினார். மீசை இருந்தது. என்னைக் கண்டதும் முகம் வெளிறியது. நாங்கள் வாய் திறக்கமுதல், "அண்டைக்கு விசிறிக் கணக்கைப் பிழையாச் சொல்லிப்போட்டன். போர்மனிட்டைக் கேட்டுப் பாடமாக்கிக்கொண்டு வந்தனான்" என்றார். பாவம், நான் அவரைச் சோதித்துப் பார்க்க வந்த மச்சான் என்றும், பதில் பிழைத்தால் பொம்பிளை இல்லை என்றும் நினைத்திருக்கிறார்!

நான் உறையை விலக்கி எஞ்சினைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வடிவாயிருக்குது. ஆனா... கோவிக்காதேங்கோ. இது ஏன் காலை ஒடுக்கிக்கொண்டு நிக்குது?"

குனிந்து பார்த்தேன். உடம்பு எங்கள் தண்டவாளத்துக்கென்று செய்த எஞ்சின், சில்லு இங்கிலாந்துத் தண்டவாளத்துச் சில்லு. அவர்களுடைய தண்டவாளத்தைவிட எங்களுடையது அகலம். மாதக்கணக்காக மூக்கு முட்டப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. ஒன்றுக்கு அவசரமான ஆள் போல முழங்காலை இடுக்கிக்கொண்டு நின்றது என் எஞ்சின்.

"நான் அப்பவே சொன்னேன்லண்ணே" என்றார் தகர வேலைக்காரர். அவர் சொல்லவேயில்லை.

அப்போதுதான் தங்கச்சி முன்னால் வந்தாள். "ஒண்டு கேக்கட்டோ? உங்களுக்கு றெயில் எண்டால் விருப்பமோ?"

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று "ஓம் எண்டு சொல்லு" என்று தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன். என் கணக்கில் அதுதான் சரியான பதில். தூரத்தில் யாழ்தேவி ஹோர்ன் அடித்தது.

"பொய் சொல்லி என்ன பிரயோசனம்" என்றார், என் பக்கம் மன்னிப்புக் கேட்பது போலப் பார்த்துக்கொண்டு. "வேலை கிடைச்சுது, செய்யிறன். வீட்டை போனால் அந்தச் சத்தம் காதில விழப்படாது எண்டு தலகணியால காதைப் பொத்திக்கொண்டு படுக்கிறனான். எனக்கு விருப்பம் தோட்டம். ரெண்டு கன்று கத்தரி வைச்சாலும் போதும்."

எனக்கு இடி விழுந்தது. இங்கிலாந்து எஞ்சினில் ஏறி நிற்கிற மனிதன், கத்தரிக்கன்று!

தங்கச்சி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் வெகுநாள் கண்டதில்லை. அம்மாவின் பக்கம் திரும்பி மெல்ல, "ஓம் எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

யாழ்தேவி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. கூட்ஸும் செருமிக்கொண்டு நகர்ந்தது.

"பாத்தியோ, திரும்பித் திரும்பிக் கையைக் காட்டிக்கொண்டு போறார்!" என்றா அம்மா.

நான் பார்க்கவில்லை. கடைசிப் பெட்டி தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவில் குந்திக்கொண்டு விரலால் அகலம் பிடித்துக்கொண்டிருந்தேன். மேலே ஒரு நிழல் விழுந்தது. தங்கச்சி. கைப்பையிலிருந்து ரேப்பை எடுத்து நீட்டினாள். கத்தரிக்கோல் விஷயத்துக்குப் பிறகு அவளாக எனக்கு ஒன்றைத் தருவது அதுதான் முதல்தடவை.

பிடித்து நீட்டினேன். தையல் ரேப் அறுபது அங்குலத்தோடு முடிந்துவிட்டது, தண்டவாளம் முடியவில்லை.

அவளும் எதிரே குந்தினாள். மிச்ச இடத்தில் தன் கையை வைத்து அடைத்துக்கொண்டு, "கெதியா அள அண்ணை. வாற மாசத்துக்குப் பிறகு இந்த ரேப் உனக்கில்லை" என்றாள்.