சிவப்புத் துணி கட்டிய வேம்பு

முடிச்சூரைத் தாண்டி அண்ணன் வாங்கிய அரை ஏக்கரை நினைக்கும்போதெல்லாம் ஒரு கிழிந்த ஜாக்கெட் துணிதான் முதலில் கண்முன் வருகிறது. நல்ல சிவப்பு. அண்ணி அதை நீள நீளமாகக் கிழித்து மண்வெட்டிப் பிடியில் சுற்றி வைத்திருந்தார். "எதைப் பின்னாடி வெட்டணுமோ அதுக்குச் செவப்பு கட்டிடணும் தம்பி. இல்லன்னா எனக்கு மறந்துடும்" என்றார். எதற்கும் ஓர் அடையாளம் இருக்க வேண்டும் என்று நினைக்கிற எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது.

தாம்பரத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் அண்ணி. ஒரு முறை நட்டால் பல வருடங்கள் பறித்துச் சாப்பிடக்கூடியவற்றை மட்டுமே அங்கே வைத்தார். கொய்யா, சீத்தா, நெல்லி, அவற்றின் நிழலில் கறிவேப்பிலை, தவசிக்கீரை, காலடியில் மஞ்சளும் சேம்பும், வேலியில் பிரண்டை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கயிறு பிடித்து வரிசை பார்த்தால் சிரிப்பார். "முப்பது வருஷமா பசங்கள வரிசையில நிக்க வெச்சாச்சு. இதுங்களாவது கூட்டமா நிக்கட்டும், விடுங்க."

நடுவில் ஒரு பலா. அவருடைய அம்மா வீட்டுப் பலாக்கொட்டையில் முளைத்த கன்று அது. வீட்டை இடித்தபோது தாய்மரமும் போய்விட்டது. அந்தச் சுளையை இன்னொரு தடவை தின்ன வேண்டும் என்பதுதான் அண்ணியின் ஆசை. மற்ற செடிகளெல்லாம் அந்தப் பலாவைச் சுற்றித்தான் இடம் பிடித்தன. பக்கத்தில் தானாக முளைத்திருந்த ஒரு வேம்பை, பலாக்கன்றுக்கு வெயில் மறைப்பாக விட்டு வைத்தார். பலா ஆள் உயரம் வந்ததும் வேம்பை வெட்டிவிட வேண்டும். அதனால் வேம்புக்குச் சிவப்புத் துணி.

வெட்ட வேண்டிய ஆடி மாதத்தில் நாங்கள் போனபோது, துணிக்குக் கீழே மஞ்சளும் குங்குமமும் பூசியிருந்தது. எலுமிச்சம்பழம் வேறு. பக்கத்து நிலத்துக்கார அக்கா, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இன்னா டீச்சரம்மா, ஆத்தா வந்து குந்திகினு கீறா, வெட்றேன்றியே?"

"ஐயோ, அது நான் அடையாளத்துக்குக் கட்டின துணி, அக்கா!"

"கட்ட வெச்சது யாரு? அவதானே?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அண்ணி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் மரம் வெட்டுகிறவர் வந்து, செருப்பைக் கழற்றி, கும்பிட்டுவிட்டுப் போனபோது சிரிப்பு குறைந்தது. "எதுக்கு வம்பு, விட்டுடு" என்றார் அண்ணன்.

வேம்பு படர்ந்தது. பலா வெளிச்சத்தைத் தேடி ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெலிந்து வளர்ந்தது. கொய்யாவும் நெல்லியும் அள்ளி அள்ளிக் கொடுத்தன. அண்ணி பையில் போட்டுக் காலனி முழுக்கக் கொடுப்பார். பலாவைப் பற்றி யாராவது கேட்டால், "கொஞ்சம் நகர்ந்துக்கோன்னு ஆத்தாகிட்டயே சொல்லியிருக்கேன்" என்பார். அவர் படுக்கையில் விழுந்த வருடம் பலாவின் அடிமரத்தில் இரண்டு பிஞ்சுகள் தெரிந்தன. நான் போட்டோ எடுத்துக் காட்டினேன். போனை வாங்கி, விரலால் பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்தார். பிஞ்சுகள் கறுத்து உதிர்ந்ததை அவரிடம் நாங்கள் சொல்லவில்லை.

அவர் போன பிறகு அண்ணன் நிலத்தை விற்றார். மனை பிரிக்க வந்த ஜேசிபி ஒரே காலையில் கொய்யா, சீத்தா, நெல்லி, பலா எல்லாவற்றையும் வேரோடு சாய்த்தது. வேம்பை மட்டும் ஓட்டுநர் தொடவில்லை. மனைக்கான புதுச் சாலை அதைச் சுற்றி வளைந்து போகிறது.

போன வெள்ளிக்கிழமை அங்கே போயிருந்தேன். இரும்புக் கம்பி அடைப்பு, விளக்கு, மரத்தைச் சுற்றி அடுக்கடுக்காகச் சிவப்புத் துணிகள். அண்ணியுடையது எந்த அடுக்கில் இருக்கிறதோ தெரியவில்லை. அந்த அக்கா குங்குமம் நீட்டினார். "டீச்சரம்மா வெச்ச கோயிலு சார். எப்டி கீது பாத்தியா?"

நன்றாக இருக்கிறது என்றேன்.

அன்று கிழித்த துணியில் மீந்த ஒரு துண்டு, மடித்தபடி என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. ஜேசிபி வருவதற்கு முன் அதைப் பலாவில் கட்டியிருக்கலாம். எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.